பிளேட்லெட் குறைந்தால் நுணுக்குக்காட்டி சொல்வது என்ன?

வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் எமது கரையோர ஊர்களில் டெங்கு பற்றிய அச்சமும் தொடங்கிவிடும். 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். காய்ச்சல் வந்த வீட்டில் எல்லோரும் கேட்கும் முதற்கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான்.

நாம் உயிரியலில் படிக்கும் குருதிச் சிறுதட்டுக்களே இவை. 2 முதல் 3 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள, கருவற்ற துணிக்கைகள். காயத்தில் ஒன்றுசேர்ந்து குருதிப்பெருக்கை நிறுத்துவது இவற்றின் வேலை. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது இயல்பு.

இன்று இவற்றை இயந்திரமே எண்ணுகிறது. குருதி உறையாதிருக்க, அதை எடுக்கும் குழாயில் ஈடிடிஏ எனும் இரசாயனம் இடப்பட்டிருக்கும். மிகச் சிலரின் குருதியில் இதன் காரணமாகவே சிறுதட்டுக்கள் ஒட்டித் திரண்டுவிடும். அத்திரளை இயந்திரம் சிறுதட்டாக எண்ணாது. உடலில் போதியளவு இருந்தும் அறிக்கையில் 40,000 என்று வரலாம். இது போலிக் குறைவு.

இதைக் கண்டுபிடிப்பது மனிதக் கண்தான். கண்ணாடி வழுக்கியில் ஒரு துளிக் குருதியை மெல்லிய படலமாக இழுத்து, உலரவிட்டு, லீஷ்மன் சாயமூட்டி, நூறு மடங்கு எண்ணெய் அமிழ்ப்பு வில்லையால் பார்ப்பர். செங்குழியங்களுக்கிடையே சிறுதட்டுக்கள் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். பத்துப் பார்வைப் புலங்களில் எண்ணி, சராசரியை 15,000 ஆல் பெருக்கினால் ஒரு மதிப்பீடு கிடைக்கும். சராசரி 12 எனின் 180,000. (சில ஆய்வுகூடங்களில் 20,000 ஆல் பெருக்குவர்.) படலத்தின் ஓரத்தில் திரள்கள் தெரிந்தால், சோடியம் சித்திரேற்றுள்ள குழாயில் மீண்டும் குருதி எடுத்து எண்ணுவர். அத்திரவம் குருதியை ஐதாக்குவதால், கிடைக்கும் எண்ணை 1.1 ஆல் பெருக்குவர்.

திரள் எதுவுமின்றி, புலத்துக்கு இரண்டு மூன்று மட்டுமே தெரிந்தால் குறைவு உண்மையானது. டெங்கில் எண்ணிக்கை 100,000க்குக் கீழ் இறங்குவது, நாளங்களிலிருந்து குருதியின் திரவப்பகுதி கசியும் ஆபத்தான கட்டம் நெருங்குவதைக் காட்டலாம். அதனால்தான் வைத்தியர்கள் சிறுதட்டோடு நின்றுவிடாமல் பி.சி.வி, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு ஆகியவற்றையும் கவனிக்கின்றனர்.

பெற்றோரே, ஓர் எண்ணைக் கண்டு பதறவும் வேண்டாம். "போலியாக இருக்கும்" என்று பப்பாசி இலைச்சாறு கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம். அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கொடுக்காமல், உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். குறைவு உண்மையா, போலியா என்பதை ஆய்வுகூடம் தீர விசாரித்துச் சொல்லட்டும்.