குர்துச் சிற்றூர்: மக்கள்தொகையும் நிர்வாகமும்

ஓர் ஊரை ஊராக்குவது எது? துருக்கியின் தென்கிழக்கிலுள்ள குர்துச் சிற்றூர்களைப் பற்றி இடுபணிக்காகப் படித்தபோது இக்கேள்வி என்னுள் எழுந்தது.

1924ஆம் ஆண்டுச் சிற்றூர்ச் சட்டம் எண்ணிக்கையை அளவுகோலாக்கியது: 2,000 பேருக்குக் குறைவானோர் வாழுமிடம் சிற்றூர். மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊர்த்தலைவர் 'முக்தார்' எனப்படுவார். அவருக்குத் துணையாக மூத்தோர் மன்றம் உண்டு. ஊருக்கெனத் தனிச் சொத்தும் வரவு செலவும் இருந்தன.

2012இல் இயற்றிய சட்டம், 2014 உள்ளாட்சித் தேர்தலோடு இதை மாற்றியது. குர்துகள் மிகுதியாக வாழும் தியார்பக்கிர், மார்தின், வான் மாநிலங்களின் சிற்றூர்கள் நகராட்சிகளின் குடியிருப்புப் பகுதிகளாயின. முக்தார் இன்றும் உள்ளார். ஊர்ச் சொத்தோ ஊரின் கையைவிட்டுப் போயிற்று. 2019 ஆகஸ்டில் அம்மூன்று பெருநகராட்சிகளின் தலைவர்களையும் அரசு நீக்கி, ஆளுநர்களை அமர்த்தியது. முடிவெடுக்கும் அதிகாரம் ஊரைவிட்டு இருமுறை விலகியது.

மக்கள்தொகை ஆண்டுதோறும் வெளியாகிறது. ஆனால், 1965ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் தாய்மொழி விவரம் வெளியிடப்படவில்லை. தலைகளை எண்ணுகிறார்கள், மொழியை எண்ணுவதில்லை.

தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசியப் பள்ளியில் சேர்ந்த அன்று, பதிவுப் பாரத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதினேன். நண்பர்களே, அந்தச் சிறு கட்டத்தின் மதிப்பு இப்போதுதான் எனக்குப் புரிகிறது.