மனமும் மூளையும் – ஒரு சைவ நோக்கு

ஆலயத்திலே "மனத்தை ஒருமுகப்படுத்தி வழிபடுங்கள்" என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அந்த மனம் எங்கே இருக்கிறது என்று ஒரு சிறுபிள்ளையைக் கேட்டால் அது தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டும். பெரியவர்களாகிய நாமும் அப்படியே காட்டுவோம். ஆனால் 1967ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் ஒருவருடைய இருதயத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தும் சத்திரசிகிச்சை முதன்முதலாகச் செய்யப்பட்டது. இன்று பல நாடுகளில் அது நடைபெறுகிறது. இருதயம் மாற்றப்பட்டவர் தம் மனைவி மக்களை மறப்பதில்லை, தாய்மொழியை மறப்பதில்லை, தாம் கும்பிட்ட தெய்வத்தையும் மறப்பதில்லை. மூளையிலோ ஒரு சிறு இடம் பழுதுபட்டாலே பேச்சுப் போகலாம், ஞாபகம் போகலாம், சில வேளை ஒருவருடைய குணமே மாறிப் போகலாம்.

இது விஞ்ஞான பாடம், ஆலய மலரில் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இதை அறியாமையால் எமது ஆலயத்திலேயே ஒரு பிழை நடந்தது. அப்பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

மூளை என்னும் கருவி

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1.4 கிலோகிராம் நிறையுடையது. உடல் நிறையில் இது 2 சதவீதம் மட்டுமே. ஆயினும் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதனுள்ளே சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. இவை சிறு மின் துடிப்புகளாலும், ஒரு கலம் மற்றக் கலத்துக்கு அனுப்பும் இரசாயனப் பொருள்களாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நாம் பார்ப்பது, நினைப்பது, கோபிப்பது, வெட்கப்படுவது எல்லாம் இந்தப் பேச்சோடு தொடர்புடையன.

இதற்குச் சான்று தேடி ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பகலில் வாய் திறவாத சாதுவான மனிதன், மாலையில் சாராயம் குடித்துவிட்டு ஒழுங்கை முழுவதும் கேட்கச் சத்தமிடுவதைக் கண்டிருக்கிறோம். வயிற்றுக்குள் போன ஒரு திரவம் இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்ததும் நடத்தை மாறுகிறது. சலரோகத்துக்கு ஊசி போடுபவருக்கு இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்துவிட்டால் அவர் காரணமின்றி எரிந்து விழுவார், பொருத்தமில்லாமல் பேசுவார். இனிப்பான பானம் குடிக்கக் கொடுத்தால் சிறிது நேரத்தில் பழைய மனிதராகிவிடுவார். அவர் பேசிய கடுஞ்சொல்லை அவரது குணம் என்று கொள்வது நியாயமாகுமா?

ஓர் இரும்புக் கம்பி காட்டிய பாடம்

அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் 1848ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆம் திகதி ஒரு விபத்து நடந்தது. புகையிரதப் பாதை அமைக்கும் வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் பினியாஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞர். பாறையில் துளையிட்டு வெடிமருந்து இட்டு, நமது அலவாங்கு போன்ற ஓர் இரும்புக் கம்பியால் அதை இறுக்கும்போது மருந்து வெடித்தது. ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமும் 6 கிலோகிராம் நிறையும் கொண்ட அந்தக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் கீழாகப் புகுந்து, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, உச்சந்தலையால் வெளியேறியது.

அவர் இறக்கவில்லை. ஜோன் ஹார்லோ என்னும் வைத்தியரின் பராமரிப்பில் எழுந்து நடந்தார், பேசினார். ஆனால் விபத்துக்கு முன் பொறுப்பும் நிதானமும் மிக்கவர் என்று பெயர் எடுத்தவர், பின்னர் தகாத வார்த்தை பேசுபவராகவும், பிடிவாதம் உள்ளவராகவும், எடுத்த காரியத்தை முடிக்காதவராகவும் மாறினார். இவர் நாம் அறிந்த கேஜ் அல்லர் என்று நண்பர்களே சொன்னார்கள். பழைய வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இக்கதையைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிற்காலத்தில் கேஜ் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று சில ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டி உழைத்தார். ஒழுங்கான ஒரு தொழில் அவரை ஓரளவு நிலைப்படுத்தியது என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1860இல் அவர் காலமானார். அவரது மண்டையோடும் அந்தக் கம்பியும் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியின் நூதனசாலையில் இருக்கின்றன.

1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்னும் வைத்தியர், பிறர் சொல்வதை விளங்கிக்கொண்டும் ஒரேயோர் அசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒருவரை, அவர் இறந்த பின் பரிசோதித்தார். மூளையின் இடது முன்பகுதியில் ஓரிடம் பழுதுபட்டிருந்தது. பாரிசவாதத்தால் பேச்சிழந்த நம் உறவினர் பலருக்கும் நேர்வது இதுவே. பேச முடியாவிட்டால் அறிவு போய்விட்டது என்று எண்ணி அவர் முன்னாலேயே அவரைப் பற்றிக் கதைப்பது பெரும் பிழை.

1953இல் ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கருக்கு வலிப்பு நோயைக் குறைக்கவென்று மூளையின் இரு பக்கத்திலும் உட்பகுதியில் ஒரு துண்டு அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்று தொடக்கம் 2008இல் இறக்கும் வரை புதிதாக எதையும் அவரால் ஞாபகத்தில் வைத்திருக்க முடியவில்லை. பல ஆண்டுகள் பழகிய ஆய்வாளரையும் புதியவராகவே கண்டார். அப்படியிருந்தும் அவரது மரியாதையும் நகைச்சுவையும் மாறவில்லை. எனவே ஞாபகம் வேறு, குணம் வேறு. ஒன்று போக மற்றது நிற்கலாம்.

சைவ சித்தாந்தம் கூறுவது

இவற்றை வாசிக்கும் சிலர், அப்படியானால் ஆன்மா என்பது பொய்யா என்று கலங்குவர். கலங்க வேண்டியதில்லை. உயிர்களுக்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் மாயையிலிருந்து தோற்றுவித்துக் கொடுத்தான் என்பது சைவ சித்தாந்தம். இதில் கரணம் என்றால் கருவி. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். ஆன்ம தத்துவங்கள் இருபத்து நான்கு என்று எண்ணும்போது, மண், நீர், தீ முதலிய பூதங்களோடும் கண், காது முதலிய பொறிகளோடும் சேர்த்தே இவையும் எண்ணப்படுகின்றன. மனம் ஆன்மா அன்று; அது தானாக அறியும் ஆற்றல் இல்லாத சடப்பொருள் என்று நம் முன்னோர் துணிந்து சொன்னார்கள்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், அந்தக்கரணங்களோடு கூடி நிற்கும் ஆன்மாவை அமைச்சர்களோடு கூடிய அரசனுக்கு உவமை சொல்கிறது. அமைச்சர் நோயுற்றால் ஆட்சி தடுமாறும். அதற்காக அரசன் இல்லை என்றாகாது. அரிக்கன் லாம்பின் சிமினியில் கரி படிந்தால் வெளிச்சம் மங்குகிறது; உள்ளே எரியும் சுடருக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

அந்தக்கரணமும் மூளையும் ஒன்றே என்று நான் வாதிட வரவில்லை. ஆன்மாவை அளக்கும் கருவி விஞ்ஞானத்திடம் இல்லை. மூளையைப் பிளந்து பார்ப்பது சாத்திரத்தின் வேலையும் அன்று. ஆனால் கருவி பழுதுபட்டதைக் கண்டு கருவிக்கு உரியவனைப் பழிக்கக் கூடாது என்ற ஒரு விடயத்தில் இரண்டும் உடன்படுகின்றன.

நாம் செய்த பிழை

இனி, முன்னர் சொன்ன சம்பவத்துக்கு வருகிறேன். குடும்பத்தாரின் சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

எமது பரிபாலன சபையில் ஒரு பொருளாளர் இருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கணக்கில் ஒரு சதம் பிசகியதில்லை. திருவிழாக் காலத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டைத் தவிர ஆலயத்தில் ஒரு வாழைப்பழமும் எடுத்து உண்ணமாட்டார். அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டாம் வயதளவில் மாறினார். பெண்பிள்ளைகள் நிற்கும் இடத்தில் கூசாமல் பேசினார். உறவினரின் மரணச் சடங்கில் சிரித்தார். கணக்குப் புத்தகம் எழுதப்படாமல் கிடந்தது. ஒரு சதுர்த்தியன்று நைவேத்தியத்துக்கு வைத்திருந்த மோதகத்தைப் பூசைக்கு முன் எடுத்து உண்டார். ஐயர் தடுத்தபோது அவரைத் தள்ளிவிட்டார்.

சிலர் செய்வினை என்றார்கள், கழிப்பும் கழித்தார்கள். சிலர் பணம் கண்ட திமிர் என்றார்கள். 2014இல் சபை கூடி அவரை நீக்கியது. "நடத்தைக் கேடு காரணமாக" என்று நீக்கல் கடிதத்தை எழுதியவன் நானே. அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் கடிதம் எழுதிப் பழகிய கை அன்று ஒரு வரியிலும் தயங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருடைய மகள் அவரை நரம்பியல் வைத்திய நிபுணரிடம் கொண்டு சென்றார். ஸ்கான் படத்தில் மூளையின் முன்பகுதி சுருங்கியிருந்தது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் தேயும் ஒருவகை நோய் என்று வைத்தியர் விளக்கினார். இவ்வகை நோயை 1892இல் பிராக் நகரில் ஆர்னோல்ட் பிக் என்னும் வைத்தியர் முதலில் விவரித்தார். இது பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஆரம்பத்தில் ஞாபகம் ஓரளவு நன்றாகவே இருக்கும். கூச்சமும் இரக்கமும் கட்டுப்பாடும் முதலில் போகும். இனிப்பில் அடங்காத ஆசை வருவதும் இதன் ஓர் அறிகுறி. அதைக் கேட்டபோது எனக்கு அந்த மோதகம் நினைவுக்கு வந்தது.

செய்தி அறிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை அறிந்தார். ஆனால் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். 2019இல் அவர் சிவபதம் அடைந்தார்.

அப்படியானால் ஒருவருக்கும் பொறுப்பில்லையா?

எல்லாம் மூளையின் செயல் என்றால் திருடனையும் மன்னிப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நோயுற்ற மூளை வேறு. பழக்கத்தால் கெட்ட மூளை வேறு. இலண்டன் நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனனம் செய்யும் டாக்சிச் சாரதிகளின் மூளையில், ஞாபகத்துக்குரிய ஒரு பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. பயிலத் தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வும் பயிற்சியே காரணம் என்பதை உறுதிப்படுத்தியது. மூளை நடத்தையை ஆக்குவது போல, நடத்தையும் மூளையை ஆக்குகிறது. நாள்தோறும் ஆலயம் கூட்டுதல், பூமாலை கட்டுதல், திருமுறை ஓதுதல் என்னும் சரியைத் தொண்டுகளைச் சிறுவயதிலேயே பழக்குங்கள் என்று பெரியோர் சொன்னதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

நல்லவராக வாழ்ந்த ஒருவர் முதுமையிலோ நடுவயதிலோ திடீரென வேறு மனிதராகத் தோன்றினால், முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ வந்த குழப்பமாயின் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உப்புச்சத்துக் குறைவு, புதிய மருந்து ஆகியவை காரணமாக இருக்கலாம். விழுந்து தலை அடிபட்டுச் சில வாரங்களில் மாற்றம் வந்தால் மண்டையோட்டினுள் இரத்தம் தேங்கியிருக்கக்கூடும். தைரொயிட் குறைபாடும் விற்றமின் பி12 குறைபாடும் மெதுவாக மாற்றத்தை உண்டாக்கும். இவை பெரும்பாலும் சிகிச்சைக்கு உட்பட்டவை. பார்வை பார்ப்பதிலும் நூல் கட்டுவதிலும் மாதங்களைக் கழித்தால் அந்த வாய்ப்புக் கைநழுவிப் போகும். விபூதி பூசுங்கள், அர்ச்சனை செய்யுங்கள். அதே நாளில் வைத்தியரிடமும் செல்லுங்கள்.

எமது பொருளாளருக்கு வந்தது போன்ற நோயை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. அங்கேயும் செய்ய வேண்டியவை உண்டு. நோயாளியோடு வாதாட வேண்டாம். வங்கிப் புத்தகத்தையும் காணி உறுதியையும் குடும்பத்தவர் பொறுப்பெடுக்க வேண்டும். பராமரிப்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது அயலவர்கள் ஓய்வு கொடுக்க வேண்டும். "அவருடைய வினைப்பயன்" என்று சொல்லி விலகி நிற்பது சைவம் ஆகாது. அவருக்கு வந்தது வினைப்பயனே ஆனாலும், அவரைத் தாங்குவது நமது கடமை.

இவ்வருடச் சபைக் கூட்டத்தில் 2014ஆம் ஆண்டுத் தீர்மானம் மீளப் பெறப்பட்டது. நீக்கல் கடிதம் செல்லாது என்றும், அன்னார் நோயுறும் வரை பதினெட்டு ஆண்டுகள் பிழையின்றித் தொண்டாற்றினார் என்றும் கூட்டறிக்கைப் புத்தகத்தில் பதியப்பட்டுள்ளது. அதையும் என் கையாலேயே எழுதினேன். அவருடைய மகள் அதன் பிரதி ஒன்றைப் பெற்றுச் சென்றார்.

அறிவையும் அறிவுக்குக் கருவிகளையும் தந்தருளிய விநாயகப் பெருமான், கருவி தளர்ந்தவர்களைத் தாங்கும் உள்ளத்தையும் எமக்குத் தந்தருளப் பிரார்த்திப்போமாக.

சுபம்.