வளர்த்தார் துயர்

பிள்ளையின் பிரிவால் வருந்துதல் ஈன்றார்க்கே உரியதோ? திருவில்லிபுத்தூர் இதற்கு விடை தருகின்றது. அவ்வூரைச் சார்ந்த மடவார் வளாகத்தில், துணையின்றி நொந்த கருவுற்ற மங்கைக்கு வைத்தியநாதர் தாயாய் வந்து பேறு பார்த்தார் என்பது தலக்கதை.

அவ்வூர்ப் பெரியாழ்வாரும் ஒரு குழந்தைக்குத் தாயானவரே. துளசிச் செடியின்கீழ்க் கண்டெடுத்த பெண்மகவை அவர் கோதையென வளர்த்தார் என்பர். அவர் பாடிய 473 பாசுரங்களுள் ஒரு பதிகம், தலைவன்பின் சென்ற மகளை எண்ணித் தாய் இரங்குவதாக அமைந்தது. இல்லம் வெறுமையுற்றது, மாமியார் அவளைக் கண்டு மகிழ்வாளோ எனத் தாயுள்ளம் ஐயுறுகின்றது.

உடன்போக்கில் நற்றாயேயன்றி வளர்த்த செவிலியும் இரங்குதல் அகப்பொருள் மரபு. ஆதலின், ஆதரவற்ற மகவை எடுத்து வளர்ப்பாரது துயரை எளிதென எண்ணற்க. அத்துயரே அவர்தம் அன்பிற்குச் சான்றாம்.