குடிநீரால் வந்த நோய்க்கு இழப்பீடு: எந்த மன்றம்?

கழிவுநீர் கலந்த குடிநீரால் ஒரு தெருவே வாந்திபேதியில் படுத்துவிட்ட பின், இழப்பீடு கேட்கப் புறப்படுவோர் தமக்குப் பொருந்தும் மன்றம் எதுவென ஆராய்வது அரிது. நாளிதழ்களில் அடிபடும் வழக்குகளைப் பார்த்தும் உறவினரும் ஊர்ப் பிரமுகர்களும் வற்புறுத்துவதாலும் நேரே உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போடவே முனைகின்றனர். விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரால் நோய் வந்தால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்பதும், உடைந்த குழாயை உடனே அடைக்க உள்ளாட்சி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதும் பலரும் அறிந்தவையே.

பொதுநல வழக்கு என்பது, தாம் நேரடியாகப் பாதிக்கப்படாதவரும் மக்கள் சார்பில் தொடுக்கக்கூடிய நீதிப்பேராணை மனுவாகும். அரசை அசைக்க அது வல்லதே. ஆனால் எந்தக் குழாய் நீரால் எந்தக் குழந்தைக்கு டைபாய்டு வந்தது என்பது போன்ற, சாட்சிகளை விசாரித்து முடிவுசெய்ய வேண்டிய கேள்விகளுக்குள் உயர் நீதிமன்றம் பொதுவாக நுழைவதில்லை. பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகளுக்கு எதிராக 1991-இல் உச்ச நீதிமன்றத்திலேயே தொடுக்கப்பட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டிய தீர்ப்பு 1996-இல் வந்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் போற்றப்படும் அத்தீர்ப்புக்குப் பிறகும், இழப்பீடு பெறாதோருக்கு அதை வழங்குமாறு 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. மருத்துவமனைக் கடனோடு நிற்கும் குடும்பத்தை இத்தனை நெடிய பாதையில் இறக்கிவிடுவது, புகைப்படக் கருவிக்கு முன்னால் நிற்க விரும்புவோருக்கு மட்டுமே உதவும்.

அதனினும் தகுந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மாசினால் நேர்ந்த உடல்நலக் கேட்டுக்கு 5 ஆண்டுகளுக்குள் இங்கே இழப்பீடு கோரலாம். குடிநீர் வழங்கல் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் எழும் பூசல்களைக் கட்டணமின்றித் தீர்க்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தை ஏனோ எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் வழக்கறிஞரை அமர்த்தித் தரச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு.

எந்த மன்றமாயினும் வழக்கை முன்னின்று நடத்துபவர் உரத்துப் பேசுபவராக இருப்பதைவிட, மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாகக் கோத்துவைக்கும் பொறுமை உடையவராக இருப்பதே நன்று. ஏனெனில் நீர் தந்த நோய் எப்போதும் உடனே வெளிப்பட்டுவிடுவதில்லை. காலரா சில மணி நேரத்திலேயே தாக்கக்கூடும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமியோ உடலுக்குள் புகுந்து ஏறக்குறைய 4 வாரம் கழித்தே தன்னைக் காட்டுகிறது. அதற்குள் குழாயை ஒட்டுப்போட்டுக் குளோரினையும் கூடுதலாகக் கலந்துவிடுவார்கள் என்பதால், அப்போது எடுக்கும் நீர் மாதிரி தூய்மையாகவே இருக்கும். ஆகவே நீர் நாறத் தொடங்கிய அன்றே, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில், அண்டை வீட்டார் இருவர் முன்னிலையில் மாதிரி பிடித்து, குளிர்ச்சி குறையாமல் 24 மணி நேரத்துக்குள் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். காய்ச்சல் கண்டவருக்கு ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரத்தம் எடுத்துக் கல்ச்சர் (கிருமி வளர்ப்பு) பரிசோதனைக்கும் கொடுத்துவிட வேண்டும்.