பாகப்பிரிவினை வழக்கும் கோர்ட்டுக் கட்டணமும்

தகப்பனார் காலமானபின் நிலத்தைப் பாகம் பிரிக்காமல் வைத்திருப்பது புதுக்கோட்டைப் பகுதிக் கிராமங்களில் பழைய வழக்கம். கண்மாயும் கிணறும் பொதுவாயிருப்பதால் பிரிப்பதற்கு மனம் வருவதில்லை. ஒற்றுமை உள்ளவரையில் இதனால் கெடுதியில்லை. அது குலைந்தவுடன், பாகம் கேட்கவேண்டியவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் கோர்ட்டுக் கட்டணத்தைப் பற்றிய அச்சமேயாகும்.

ஆலங்குடி வட்டத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டனர். நிலத்தின் மார்க்கெட்டு மதிப்பு ரூ. 40 லட்சம். பிள்ளைகள் இருவர், பெண்கள் இருவர்; ஒவ்வொருவர் பாகமும் ரூ. 10 லட்சம். பயிர் செய்பவர்கள் பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த கடலை மூட்டை மூன்றாண்டுகளாக நின்றுவிட்டது. அவள் பாகம் கேட்டால், "கோர்ட்டுக்குப் போனால் பாகத்தில் பாதி கட்டணத்துக்கே போய்விடும்" என்று ஊரார் சொல்கிறார்கள். அவளும் அதை நம்பிச் சொற்பத் தொகைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க இசைந்துவிடுகிறாள். இது எவ்வளவு சரி என்பதை ஆராய்வோமாக.

புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் தேதி வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. இப்பொழுது இங்கே அமுலிலிருப்பது 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கோர்ட்டுக் கட்டணச் சட்டம். அதன் 37-ஆவது பிரிவு பாகப்பிரிவினை வழக்குகளை இருவகையாகப் பிரிக்கிறது.

முதல் வகை: வாதி சொத்தின் அனுபவத்திலிருந்து அடியோடு விலக்கப்பட்டிருப்பது. இதில் அவருடைய பாகத்தின் மார்க்கெட்டு மதிப்பின் பேரில் கட்டணம் உண்டு. முழுச் சொத்தின் மதிப்புக்கு அல்ல என்பது கவனிக்கத்தக்கது. 2017-ஆம் ஆண்டுக்கு முன் நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த விகிதம் அவ்வாண்டில் 3 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மேற்கண்ட பெண்ணுக்கு முன்பு ரூ. 75,000 ஆகியிருக்கும், இப்பொழுது ரூ. 30,000.

இரண்டாம் வகை: வாதியும் மற்றவர்களோடு கூட்டு அனுபவத்தில் இருப்பது. இதில் மதிப்பின்பேரில் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில்லை. சட்டத்தில் கண்ட நிலையான தொகையைச் செலுத்தினால் போதும்.

நேரில் உழாதவர், வருமானம் பெறாதவர் எவ்வகையைச் சேர்ந்தவர்? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடையளித்தது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புகளில் வெளியான அத்தீர்ப்பின்படி, கூட்டுச் சொத்தில் ஒருவருடைய அனுபவம் சட்டப்படி எல்லோருடைய அனுபவமாகும். வருமானத்தில் பங்கு கொடுக்கவில்லை என்பதொன்றாலேயே ஒருவர் விலக்கப்பட்டவராகிவிடமாட்டார். கட்டணத்தைத் தீர்மானிக்கப் பிராது முழுவதையும் படித்துப் பார்க்கவேண்டும். ஆகவே, மூன்றாண்டுகளாகக் கடலை மூட்டை வரவில்லை என்பதால் மட்டும் அப்பெண் ரூ. 30,000 கட்டவேண்டியதில்லை.

இதனால் பிராதில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விலையுண்டு. கோபத்தில், "பல வருஷங்களாக என்னை நிலத்தில் கால் வைக்க விடவில்லை" என்று மிகைப்படுத்தி எழுதினால் கட்டணம் ஏறும். அதோடு, விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டுமென்ற காலவரம்பும் குறுக்கே நிற்கும். உண்மையிலேயே விலக்கப்பட்டிருந்தால் அதை மறைத்தலும் ஆகாது; உள்ளதை உள்ளபடியே சொல்லவேண்டும். பெற்ற தானியத்தின் குறிப்பு, கூட்டுப் பட்டா, தீர்வை ரசீது முதலியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தல் நலம்.

பிரதிவாதிகளும் அறியவேண்டியது ஒன்றுண்டு. தம் பாகத்தையும் அவ்வழக்கிலேயே தனியாகப் பிரித்துத் தரும்படி கேட்கும் பிரதிவாதி, மேற்கண்ட விகிதங்களில் பாதியைச் செலுத்தவேண்டும்.

கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கும் கதவு அடைக்கப்படவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பைப் பொருட்படுத்தாமல் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அவ்வுதவியில் கோர்ட்டுக் கட்டணமும் அடங்கும். புதுக்கோட்டையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

வழக்குத் தொடர்ந்தபின் சமாதானமானாலும் கட்டணம் வீணாவதில்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்கின் கட்டணம் திருப்பித் தரப்படும். கட்சிக்காரர்கள் தாங்களே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்டாலும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 69-அ பிரிவின்படி அது திரும்பக் கிடைக்கும் என்று 2021-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கோர்ட்டுக்குப் போகாமல் எல்லோரும் கூடிப் பேசி, பாகப்பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்துகொள்வதே யாவற்றிலும் சிறந்தது. அப்பொழுது ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டா கிடைக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்பொழுது மற்றப் பாகஸ்தர்களின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் சமாதானம் என்பது உரிமையை அறிந்தவர் செய்துகொள்வது. பயந்தவர் விட்டுக்கொடுப்பது சமாதானமாகாது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமான உரிமையுண்டு. எனவே, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் தன் பாகத்தின் மதிப்பு என்ன, அதற்கு உண்மையில் ஆகக்கூடிய கட்டணம் என்ன என்ற இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது ஒவ்வொருவரின் கடமையாகும்.