நடக்கிறோம், எடை மட்டும் ஏன் இறங்குவதில்லை?

அறுபதைத் தாண்டிய நம் உறுப்பினர்கள் பலரிடம் ஒரே குறையைக் கேட்கிறோம். "காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன், நாள் முழுக்கக் கடையில் நின்றபடிதான் இருக்கிறேன், எடை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது" என்கிறார்கள். சொல்பவர் சோம்பேறியும் அல்லர், பொய் சொல்பவரும் அல்லர். காரிமங்கலம் போன்ற ஊரில் கடை வைத்திருப்பவர் காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு கல்லாக் கணக்கு முடிக்கும் வரை ஓயமாட்டார். சந்தை நாளென்றால் கேட்கவே வேண்டாம். அப்படியிருந்தும் இடுப்புச் சுற்றளவு கூடுகிறது, முழங்கால் வலிக்கிறது, ஒரு சர்க்கரை மாத்திரை இரண்டாகிறது. இதற்குக் காரணம் என்ன, இந்த வயதில் எதைக் குறைக்க வேண்டும், எதைக் குறைக்கவே கூடாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வணிகர்களுக்கு மிகவும் பொருத்தமான ஓர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சார்ந்து வாழ்ந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் உழைப்பையும் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர்களும் அளந்து, 1956-இல் முடிவுகளை வெளியிட்டனர். நிலக்கரி சுமப்பவர், கொல்லர், நெசவாளர், எழுத்தர் எனப் பல தரப்பினர் அதில் இருந்தனர். ஆலையை ஒட்டி நாளெல்லாம் உட்கார்ந்து வியாபாரம் செய்த கடைக்காரர்களும் இருந்தனர். வேலை கடினமாகக் கடினமாக உணவும் கூடியது, எடை கூடவில்லை. இதில் வியப்பில்லை. வியப்பு மறுகோடியில் இருந்தது. உழைப்பு மிகவும் குறைந்த கடைக்காரர்கள் குறைவாக உண்ணவில்லை. பாரம் சுமந்தவர்களுக்குச் சமமாகவே உண்டார்கள், எடையும் அவர்களைவிட வெகுவாகக் கூடியிருந்தது. ஓரளவுக்குக் கீழே உழைப்பு இறங்கிவிட்டால், பசி அதற்கேற்ப இறங்குவதில்லை என்பதே அந்த ஆய்வு சொன்ன செய்தி.

"அவர்கள் உட்கார்ந்திருந்தவர்கள், நாங்கள் ஓடியாடுகிறோமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடையின் ஓட்டம் மனத்துக்குத் தரும் அலைச்சல் பெரிது, உடம்புக்குத் தரும் செலவு சிறிது. நிற்பதற்கும் உட்கார்வதற்கும் உள்ள வேறுபாடு மணிக்குப் பத்துப் பதினைந்து கலோரிக்கு மேல் போகாது. மூட்டை தூக்குவதை இன்று பெரும்பாலும் ஆட்களே செய்கிறார்கள். நாம் பில் போடுகிறோம், போன் பேசுகிறோம், "அந்த மூணாவது தட்டுல பாரு" என்று கை காட்டுகிறோம்.

காலை நடையின் கணக்கையும் பார்த்துவிடுவோம். எழுபது கிலோ எடையுள்ளவர் நாலு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது தோராயமாக 200 கலோரி. அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக் கூடியதைக் கழித்தால் 150 அளவில் நிற்கும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். ஆகவே ஒரு நாள் விடாமல் நடந்து, ஒரு வாய்கூட அதிகம் உண்ணாமல் இருந்தாலும் ஒரு கிலோ இறங்க ஐம்பது நாள் ஆகும். நடந்து முடித்துத் திரும்பும் வழியில் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் அன்றைய வரவும் செலவும் நேர்.

இதோடு வயதின் கணக்கும் சேருகிறது. 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் அன்றாட சக்திச் செலவை அளந்தது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை அதில் அடக்கம். நாற்பதிலேயே உடம்பின் எரிப்புத் திறன் விழுந்துவிடுகிறது என்று நாம் நினைத்திருந்தது தவறு என்று அது காட்டியது. இருபது முதல் அறுபது வரை, உடலளவைக் கணக்கில் கொண்டால், பெரிய மாற்றமே இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் இறங்குகிறது. எழுபது வயதில் ஏழு சதவீதம். நாளொன்றுக்கு 2,200 கலோரி செலவழித்தவருக்கு அது சுமார் 150. அதாவது, காலை நடை முழுவதும் சேமித்துக் கொடுப்பதை வயது ஒன்றே எடுத்துக்கொண்டு விடுகிறது. தட்டில் மட்டும் ஐம்பது வயதில் விழுந்த அதே அளவு சோறு விழுகிறது.

நடை பயனற்றது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வை நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை, பெரும்பாலும் நடுவயதினரை, மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவும் நடையும் திருத்தப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கே வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, திருத்திக்கொண்டவர்களுக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்கவே இல்லை என்பது. தராசு காட்டாத லாபம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. எடை இறங்கவில்லை என்று ஆறாம் மாதத்தில் நடையை நிறுத்துபவர், லாபம் வரும் கிளையை மூடுகிறார்.

எடையை இறக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் வாய்தான். வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி மனைவியரிடம் குறை சொல்லும் முன், கடையில் உள்ளே போவதைக் கணக்கெடுப்போம். கொள்முதலின்போது சாம்பிள் என்று ஒரு பிடி நிலக்கடலை. முப்பது கிராம் கடலையில் 170 கலோரி. வெல்லம் வந்தால் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்ப்போம், பொட்டுக்கடலையும் அப்படியே. மொத்த வியாபாரி வந்தால் மரியாதைக்கு டீ, வசூலுக்குப் போன இடத்தில் அவர்கள் மரியாதைக்கு ஒரு டீ. இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ ஐந்து குடித்தால் சர்க்கரை மட்டுமே 200 கலோரி, பால் தனி. மாலை நாலு மணிக்குப் பையன் போண்டா வாங்கி வருவான். இவை எதையும் நாம் சாப்பாடு என்று எண்ணுவதே இல்லை. சில்லறைச் செலவுக்குச் சிட்டை போடாத கடை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, வாயில் போட்டதையெல்லாம் எழுதிப் பாருங்கள்.

அதைவிடக் கெடுதல், கடை அடைத்த பிறகு பத்தரை மணிக்கு உண்ணும் பெரிய சாப்பாடு. பசி முற்றிய வேளை, டிவி எதிரில், அன்றைய வசூல் கவலையோடு உண்ணும் அந்தச் சாப்பாட்டுக்கு அளவே கிடையாது. ஏழரை மணிக்கு வீட்டிலிருந்து டிபன் வரவழைத்து, மகனையோ பையனையோ கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே போய் உண்பது நம் தொழிலில் முடியாத காரியமில்லை. வியாபார நேரம் என்பார்கள். பத்து நிமிடத்தில் போய்விடும் வியாபாரம் எதுவென்று யோசித்துப் பார்க்கலாம்.

கேழ்வரகைப் பற்றி நம் மாவட்டத்துக்கென்று ஒரு வார்த்தை. தருமபுரிக்கும் கேழ்வரகுக்கும் உள்ள உறவு பழையது. 2023-இல் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்துக்கு அரசு தேர்ந்தெடுத்தது நீலகிரியையும் தருமபுரியையும்தான். களி சாப்பிட்டால் எடை குறையும் என்று சொல்லியே இப்போது விற்பனை நடக்கிறது. நாமும் விற்கிறோம். உண்மை வேறு. நூறு கிராம் அரிசியில் 350-ஐ ஒட்டிய கலோரி, நூறு கிராம் கேழ்வரகில் 320-ஐ ஒட்டி. பெரிய வித்தியாசமில்லை. நார்ச்சத்து அதிகம், சுண்ணாம்புச் சத்து பன்மடங்கு அதிகம், வயிறு நெடுநேரம் தாங்கும். இவை பெரிய நன்மைகள். ஆனால் இரண்டு உருண்டைக் களியை மணக்க மணக்கக் குழம்பில் தோய்த்து உண்டுவிட்டு எடை இறங்கும் என்று காத்திருப்பது வீண். காட்டு வேலை செய்தவர்களுக்கு வகுத்த அளவு அது. ஓர் உருண்டை போதும். மிச்சமாகும் இடத்தில் கீரைக் கடைசலும் கொள்ளும் வரட்டும்.

இனி, குறைக்கக் கூடாதது. அறுபதுக்கு மேல் பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவரின் உடம்பில் கொழுப்பு மட்டும் போவதில்லை, சதையும் போகிறது. 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் பருத்த, தளர்ந்த 107 பேரைப் பிரித்து ஓராண்டு கவனித்தனர். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. உணவை மட்டும் குறைத்தவர்களுக்குப் பத்து சதவீதம் இறங்கியது, சதையில் ஐந்து சதவீதம் போனது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு எடை ஒன்பது சதவீதம் இறங்கியும் சதை மூன்று சதவீதமே போனது. எழுந்து நடமாடும் திறன் இவர்களுக்கே மிக அதிகம் கூடியது. பயிற்சி என்றால் அங்கே நடை மட்டும் இல்லை, பளு தூக்குவதும் சேர்ந்தது.

சதை போனால் என்ன என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. குனிந்து ஷட்டரைத் தூக்க முடியாமல் போவதும், கீழ்த்தட்டுச் சரக்கை எடுக்க உட்கார்ந்தவர் கை ஊன்றி எழுவதும், மழை நாளில் கடைப்படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஓர் எளிய சோதனை உண்டு. கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் திறன் குறைந்திருப்பதாக ஆசிய நாடுகளின் மருத்துவ அறிஞர்கள் 2019-இல் வகுத்த அளவுகோல் சொல்கிறது. சோதனையே மருந்துமாகும். கல்லா நாற்காலியில் காலையும் மாலையும் பத்து முறை எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, கையில் ஒரு கிலோ பருப்புப் பொட்டலங்களில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டித் தூக்குவது ஆகியவற்றை வாரத்தில் மூன்று நாள் செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. இதய நோயோ குடலிறக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். வாலிபத்தில் நூறு கிலோ மூட்டை தூக்கிய பெருமையை இங்கே காட்ட வேண்டாம்.

சதைக்குப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் என்கிறார்கள். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இது பொருந்தாது. நம் சாப்பாட்டில் சோறு மலை, பருப்பு அதன் மேல் மேகம். நூறு கிராம் கொள்ளிலோ துவரையிலோ 22 கிராம் அளவில் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு. நாமே மூட்டை மூட்டையாக விற்கும் பண்டம்தான், நம் தட்டில்தான் குறைவு.

எத்தனை கிலோ குறைய வேண்டும் என்பதிலும் பேராசை கூடாது. எண்பது கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைத்தால் நல்ல காரியம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். அருணேஸ்வரர் மலைக்கோயிலுக்கு ஏறும்போது இதை முழங்காலே சொல்லும். எடையை வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே காலை வேளையில் பார்த்தால் போதும். அதைவிட ஜவுளிக் கடை இஞ்சு டேப் நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்தால் ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80-க்கும் உள்ளே இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கான அளவு. புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் நண்பர் ஜான் யூட்கினும் 2004-இல் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றே. கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாக இருக்கிறோம் என்று நம்மவர்கள் நிம்மதி கொள்வதற்கும் இடமில்லை.

மருந்து உண்பவர்களுக்குச் சில சொற்கள். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளும் எடையைக் கூட்டக் கூடியவை. எடை இறங்காததற்கு அவையும் காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள். இதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு சஷ்டி, ஏகாதசி என்று முழு விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். தைராய்டு குறைவையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். எடை குறைக்கும் ஊசிகளான மௌஞ்சாரோவும் வெகோவியும் 2025-இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. அவற்றிலும் கொழுப்போடு சதையும் இறங்குகிறது என்பதால், மருத்துவர் கண்காணிப்பில்லாமல் யாரோ சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒன்று. எந்த முயற்சியும் செய்யாமலே ஆறு மாதம், ஓராண்டுக்குள் எடையில் ஐந்து சதவீதம் இறங்கிவிட்டால், "நன்றாக இளைத்துவிட்டீர்கள்" என்று நண்பர்கள் பாராட்டினாலும், அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தங்கள் மருத்துவரிடமோ போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுமீறுவது, காசநோய், புற்று என எதன் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம். கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டாவது போய் வாருங்கள்.