இரு தொட்டி வண்டிகளின் எரிபொருள் தேர்வு வால்வு: பழுது அறியும் முறை

ஒரே இயந்திரத்திற்கு இரண்டு எரிபொருள் தொட்டிகள் அமைந்திருக்குமாயின், எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் செல்லவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் உறுப்பு தேர்வு வால்வு ஆகும். அமெரிக்காவில் 1970-களிலும் 1980-களிலும் செய்யப்பட்ட ‘மோட்டார் ஹோம்’ என்னும் வீட்டு வண்டிகள் பலவற்றில் இது காணப்படுகின்றது. படுக்கை, சமையலறை, குளிர்பெட்டி ஆகியவற்றைச் சுமந்து நெடுந்தூரம் செல்லும் இவ்வண்டிகளுக்குப் பெட்ரோல் மிகுதியாக வேண்டும். ஆதலின் பிரதானத் தொட்டியோடு துணைத் தொட்டி ஒன்றும் சேர்க்கப்பட்டது. இவற்றுட் சில இன்றும் ஓடுகின்றன; அவற்றின் வால்வுகளும் ரப்பர்க் குழாய்களும் முதுமை அடைந்துவிட்டன.

மோட்டார் சைக்கிளில் ‘ரிசர்வ்’ நிலைக்குத் திருப்பப்படும் பெட்ரோல் திறப்பானை அனைவரும் அறிவர். தேர்வு வால்வு அதனினும் இரு வகையில் வேறுபட்டது. ஒன்று, வண்டியின் அடிச்சட்டத்தில் ஓட்டுநரின் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால், இது பெரும்பாலும் மின்சாரத்தால் இயக்கப்படுகின்றது. மற்றொன்று, பல வண்டிகளில் எரிபொருள் இயந்திரத்திற்குச் செல்வதோடு நில்லாமல், மிகுதி திரும்பியும் வருகின்றது. பழுதுகளின் மூலம் இவ்விரண்டிலுமே அடங்கியுள்ளது.

அமைப்பு

மூன்று வழி வால்வில் இரு தொட்டிகளின் குழாய்களும் இயந்திரத்திற்குச் செல்லும் ஒரு குழாயும் கூடுகின்றன. இதனை இயக்குவது மின்காந்தச் சுருள். மின்னோட்டம் இல்லாதபோது வில்சுருள் வால்வைப் பிரதானத் தொட்டியின் பக்கம் நிறுத்தும். மின்னோட்டம் பாய்ந்தால் துணைத் தொட்டி திறக்கும். ஆகவே, மின்சாரம் அறுந்தால் வண்டி பிரதானத் தொட்டிக்கே மீளும்.

ஆறு வழி வால்வில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஊட்டுகுழாய் ஒன்றும் மீள்குழாய் ஒன்றும், இயந்திரத்திற்கு அவ்வாறே இரண்டும் உள்ளன. இதனைத் திருப்புவது சிறிய மின்மோட்டார். ஓட்டுநரின் ஸ்விச்சு மின்னோட்டத்தின் திசையை மாற்றுகின்றது. மோட்டாரும் திசை மாறிச் சுழல்கின்றது. மின்சாரம் அறுந்தால் இவ்வால்வு இறுதியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும். இந்த ஒரு வேற்றுமையை நினைவிற்கொண்டால் சோதனையில் பாதி முடிந்ததாகும்.

மீள்குழாயின் முக்கியத்துவம்

பம்பு அனுப்பும் எரிபொருள் முழுவதும் எரிவதில்லை. மிகுதி மீள்குழாய் வழியே தொட்டியை அடைகின்றது. அது எந்தத் தொட்டியிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பவேண்டும். வால்வின் உள்ளடைப்புத் தேய்ந்து போனாலும், குழாய்கள் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தாலும், ஒரு தொட்டியிலிருந்து எடுக்கப்பட்ட பெட்ரோல் மற்றதில் சேரும். அத்தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தால் பெட்ரோல் மூடியின் வழியே வழியும். ஓட்டுநருக்குத் தெரிவதோ, ஒரு தொட்டி விரைவில் குறைகின்றது என்பது மட்டுமே. இயந்திரம் நின்றுபோகும் பழுது தொல்லை தருவது. இப்பழுதோ தீ விபத்துக்குக் காரணமாகக் கூடியது.

மீள்குழாய் உள்ள இயந்திரத்திற்கு, ஆறு வழி வால்வுக்குப் பதிலாக மூன்று வழி வால்வைப் பூட்டினாலும் இதே தீங்கு நேரும். எனவே புதிய வால்வு வாங்குமுன் வழிகளை எண்ணுதல் கட்டாயம்.

முன்னெச்சரிக்கை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். வீட்டு வண்டியில் இதனால் தனி ஆபத்து உண்டு. அதன் குளிர்பெட்டி, நீர்க்கொதிகலம், அடுப்பு ஆகியவற்றில் எரிவாயுவின் சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எரிவாயு உருளையை மூடி, சுடர்கள் யாவும் அணைந்தனவா என்று பார்த்த பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். இயந்திரம் ஆறியிருத்தல் வேண்டும். குழாயைக் கழற்றுமுன் மின்கலத்தின் இணைப்பை நீக்கவேண்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சுதல் கூடாது.

சோதனை வரிசை

1. இரு தொட்டிகளிலும் எரிபொருள் உண்டா என்பதை அளவுகாட்டியை நம்பாமல் உறுதி செய்யவேண்டும். விளக்கிற்கும் குளிர்சாதனத்திற்கும் மின்சாரம் தரும் ஜெனரேட்டர் பல வண்டிகளில் பிரதானத் தொட்டியிலிருந்தே பெட்ரோல் எடுக்கின்றது. அதன் உறிஞ்சுகுழாய் குட்டையாக வைக்கப்பட்டிருக்கும். வண்டி ஊர் திரும்பப் பெட்ரோல் எஞ்சவேண்டும் என்பதே நோக்கம். எனவே ஜெனரேட்டர் நன்கு ஓடுமாயின் பிரதானத் தொட்டி காலியாக இல்லை என்று கொள்ளலாம்.

2. சாவியைத் திருப்பி, இயந்திரத்தை ஓட்டாமல், ஒருவர் ஸ்விச்சை இருபுறமும் மாற்ற, மற்றொருவர் வால்வைத் தொட்டுப் பார்க்கவேண்டும். மின்காந்த வால்வு ‘டக்’ என்று ஒலிக்கும். மோட்டார் வால்வு சிறிது நேரம் முனகி நிற்கும்.

3. ஒலி இல்லையேல், வால்வின் இணைப்பில் வோல்ட்மீட்டரால் அளக்கவேண்டும். மோட்டார் வால்வில் ஏறத்தாழ 12 வோல்ட்டு தோன்றி, ஸ்விச்சை மாற்றும்போது திசையும் மாறவேண்டும். அளவு சரியாக இருந்தும் வால்வு அசையாவிடின் பழுது வால்வில் உள்ளது. மின்னழுத்தம் இல்லையேல் ஃபியூஸ், ஸ்விச்சு, கம்பிகள் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். மின்காந்த வால்வில் துருப்பிடித்த எர்த் இணைப்பே பல சமயம் குற்றவாளி.

4. வால்வு அசைந்தும் ஒரு தொட்டியில் மட்டும் இயந்திரம் திணறினால், அத்தொட்டிக்கும் வால்வுக்கும் இடைப்பட்ட குழாயை ஆராயவேண்டும். பம்பு இயந்திரத்தின் அருகில் இருக்கும் வண்டிகளில் இக்குழாய் உறிஞ்சும் பகுதியாகும். இதில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் சொட்டாமலே காற்று உட்புகும். ‘ஒழுகவில்லை, ஆகவே குழாய் நன்று’ என்ற முடிவு தவறானது.

5. இறுதியாக, மீள்வழியைச் சோதிக்கவேண்டும். இரு தொட்டிகளின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு, ஒரு தொட்டியை மட்டும் உபயோகித்துச் சில மைல் ஓட்டவேண்டும். மற்றத் தொட்டி நிறைந்திருத்தல் கூடாது. அதன் மட்டம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பின்னர் தொட்டியை மாற்றி இவ்வாறே செய்யவேண்டும்.

அளவுகாட்டி கூறும் சாட்சி

சில வண்டிகளில் அளவுகாட்டியைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றுவது ஓட்டுநரின் ஸ்விச்சு. வேறு சிலவற்றில் வால்வினுள் உள்ள தொடுமுனைகள். முதல் வகையில், வால்வு இறுகி நின்றுவிட்ட போதிலும் முள் அசையும். முள்ளின் அசைவைக் கண்டு ‘வால்வு நன்று’ என எண்ணி, பம்பையும் கார்ப்புரேட்டரையும் வீணே மாற்றியோர் உண்டு. இரண்டாம் வகையில் முள் அசைந்தால் மோட்டார் சுழன்றது என்பது மட்டும் தெளிவாகும். உள்ளடைப்பு நன்றா என்பது விளங்காது.

முள் எப்போதும் ஒரு கோடியிலேயே நிற்குமாயின் தயாரிப்பாளரை அறிதல் வேண்டும். 1970-களின் செவ்ரலே வண்டிகளில் மிதவையின் மின்தடை, தொட்டி காலியானால் 0 ஓம், நிறைந்தால் ஏறத்தாழ 90 ஓம். அக்கால ஃபோர்டு வண்டிகளில் இது தலைகீழ்: காலியானால் ஏறத்தாழ 73, நிறைந்தால் ஏறத்தாழ 10. எனவே கம்பி அறுந்தால் முன்னதில் முள் ‘நிறைவு’ பக்கமும், பின்னதில் ‘காலி’ பக்கமும் சாயும்.

வகுப்பில் பயன்படுத்த

தொழிற்பள்ளி ஆசிரியர்கள் இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒரு சிறு பம்பு, கையால் திருப்பும் மூன்று வழித் திறப்பான்கள் இரண்டு, நிறமேற்றிய நீர் ஆகியவற்றால் இவ்வமைப்பைச் செய்து காட்டலாம். இரு திறப்பான்களையும் ஒரே குடுவையின் பக்கம் திருப்பினால் நீர்மட்டம் மாறாது. ஒன்றை மட்டும் மாற்றித் திருப்பினால் ஒரு குடுவை வற்ற, மற்றது வழியும். பெட்ரோலைக் கொண்டு இச்சோதனையைச் செய்யலாகாது.

வினாக்கள்

1. மின்சாரம் அறுந்தபின் வண்டி துணைத் தொட்டியிலேயே தொடர்ந்து ஓடுகின்றது. வால்வு எவ்வகையினது?

2. முள் சரியாக மாறுகின்றது, இயந்திரம் நின்றுபோகின்றது. அடுத்த சோதனை யாது?

3. உபயோகிக்காத தொட்டியின் மட்டம் ஏறுகின்றது. வண்டியை ஏன் உடனே நிறுத்தவேண்டும்?